‘அபோகலிப்ஸ் நவ்’: கூடிய 49 நிமிடங்கள் என்ன செய்தன?

பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் பார்த்து, அதிலிருந்து மீளவே சில நாள் பிடித்தது என்று சொல்லும் ஒருவர், அதன் நீண்ட பதிப்பை இப்போது பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த காட்சிகள் படத்தை உயர்த்துகின்றனவா, மனத்தில் தங்கியிருக்கும் படத்தைக் கலைத்துவிடுமா என்பது அவருடைய தயக்கம். பாருங்கள் என்பதே என் பதில். ஆனால் அதே படம் கொஞ்சம் நீளமாக இருக்கும் என்று எண்ணி உட்கார வேண்டாம். ஆறு அதுதான், படகும் அதுதான், பயணம் வேறு. இரண்டு பதிப்புகளையும் பலமுறை பார்த்தவன் என்ற முறையில், எந்த இடத்தில் படம் செழித்தது, எந்த இடத்தில் இளைத்தது என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

எந்தப் பதிப்பு எது என்பதை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மூன்றும் ஏறக்குறைய ஒரே பெயரில் புழங்குகின்றன. 1979 ஆகஸ்டில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் படம். 70 மி.மீ. பிரதியில் பெயர்ப்பட்டியலே ஓடாது, 147 நிமிடத்தில் முடிந்துவிடும், 35 மி.மீ. பிரதி 153 நிமிடம். 2001-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் ‘ரீடக்ஸ்’ என்ற பெயரில் வந்தது 202 நிமிடப் பதிப்பு. படத்தின் நாற்பதாம் ஆண்டான 2019-இல் கொப்போலா மறுபடியும் கைவைத்து, 183 நிமிடத்தில் ‘ஃபைனல் கட்’ என்ற ஒன்றை வெளியிட்டார். நீண்ட பதிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவது ரீடக்ஸ்தான்.

கதை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. வியட்நாம் போரின்போது, கேப்டன் வில்லர்ட் என்ற அமெரிக்க அதிகாரி, கம்போடியக் காட்டுக்குள் தனக்கென ஓர் ஆட்சியை அமைத்துக்கொண்டுவிட்ட கர்னல் குர்ட்ஸ் என்ற சொந்த நாட்டு அதிகாரியைக் கொல்வதற்காகக் கடற்படையின் ரோந்துப் படகு ஒன்றில் ஆற்றின் மேல்நோக்கி அனுப்பப்படுகிறான். ஜோசப் கான்ராட் காங்கோ ஆற்றை வைத்து எழுதிய ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ குறுநாவலின் எலும்புக்கூடு இது. படகில் அவனோடு நால்வர்: தலைவனான சீஃப், சமையற்காரனான ஷெஃப், அலைச்சறுக்கு வீரன் லான்ஸ், கிளீன் என்கிற பதினேழு வயதுப் பையன்.

இத்தனை பதிப்புகள் ஏன் வந்தன என்பதற்கு விடை படப்பிடிப்பில் இருக்கிறது. 1976 மார்ச்சில் பிலிப்பைன்ஸில் தொடங்கிய படப்பிடிப்பு 238 நாள்களை விழுங்கியது. வில்லர்டாக நடித்த ஹார்வி கைட்டல் சில வாரங்களிலேயே மாற்றப்பட்டு மார்ட்டின் ஷீன் வந்தார். மே மாதம் ஓல்கா புயல் அரங்குகளை அடித்துக்கொண்டு போயிற்று. பிலிப்பைன்ஸின் மார்க்கோஸ் அரசு கொடுத்த ராணுவ ஹெலிகாப்டர்கள், உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களோடு சண்டையிட வேண்டும் என்று பாதிப் படப்பிடிப்பில் திருப்பி அழைக்கப்பட்டன. 1977 மார்ச்சில் ஷீனுக்கு மாரடைப்பு வந்தது. பத்து லட்சம் அடிக்கு மேல் ஃபிலிம் ஓடியிருந்தது. சொத்துகளை அடமானம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த கொப்போலா, அந்த மலையிலிருந்து திரையரங்கில் ஓடக்கூடிய ஒரு படத்தைச் செதுக்கி எடுத்தாக வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரு போர்ப்படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்ற அச்சம் 1979-இல் மிக நியாயமான அச்சம். ஆகவே அன்று வெளியே போன காட்சிகள் எல்லாம் தரக்குறைவால் போனவை அல்ல. சில அச்சத்தால் போயின, சில அரைகுறையாக நின்றதால் போயின, சில உண்மையிலேயே படத்துக்கு வேண்டாதவை. நீண்ட பதிப்பு இந்த மூன்று வகையையும் ஒன்றாகக் கலந்து திருப்பித் தருகிறது என்பதுதான் அதன் வளமும் சிக்கலும்.

பழைய படத்தில் வெட்டிய துண்டுகளை இடையிடையே ஒட்டித் தயாரித்ததல்ல ரீடக்ஸ். படத்தொகுப்பாளரும் ஒலி வடிவமைப்பாளருமான வால்டர் மர்ச்சும் கொப்போலாவும் அன்று எடுத்த மூலக் காட்சிகளுக்கே திரும்பிப் போய், முதலிலிருந்து தொகுத்தார்கள். முன்பு ஒலி முடிக்கப்படாமல் கிடந்த காட்சிகளுக்காக, நடிகர்கள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்து தங்கள் இளம் முகங்களுக்கு டப்பிங் பேசினார்கள். விட்ட குறை தொட்ட குறை என்பார்களே, அப்படியொரு வேலை.

இனி மாற்றங்களுக்கு வருவோம். 1979 பதிப்பின் பலம் அதன் நேர்கோடு. படகு மேலே போகிறது. போகப் போக ஒழுங்கு குறைகிறது, ஒளி குறைகிறது, பேச்சு குறைகிறது. திரும்பிப் பார்க்கவோ மூச்சுவிடவோ படம் இடம் கொடுப்பதில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போன்ற அந்த உணர்வை உண்டாக்குவதில் தொகுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஹெலிகாப்டர் தாக்குதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசை ஒலிபெருக்கியில் அலற ஹெலிகாப்டர்கள் கடல்மேல் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது, ஒரே வெட்டில் கிராமத்துப் பள்ளி முற்றத்தைக் காட்டுகிறார்கள். இசை இல்லை. வெள்ளை உடுத்த பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். ஓசை தொலைவிலிருந்து மெல்ல எழுகிறது, பிள்ளைகளை அவசரமாக அப்புறப்படுத்துகிறார்கள். அந்தச் சில விநாடி அமைதியில்தான், அதுவரை இசையில் கிளர்ந்துபோய் நாற்காலி நுனியில் இருந்த பார்வையாளர், தாம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்று உணர்கிறார். இந்த இடத்தை எந்தப் பதிப்பும் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் இல்லை.

அந்தத் தாக்குதலை நடத்தும் கர்னல் கில்கோர், நேப்பாம் என்ற தீக்குண்டின் வாசனையைப் புகழ்ந்துவிட்டு, இந்தப் போர் ஒரு நாள் முடிந்துவிடும் என்று ஏக்கத்தோடு சொல்லி நகர்வார். முதல் பதிப்பில் காட்சி அங்கே நிற்கும். போர் முடிந்துவிடுமே என்று வருந்தும் ஒரு மனிதரின் முகம் நம் கண்ணில் நிற்கும்போதே, கில்கோர் போர் நடத்தும் விதம் இதுவென்றால் குர்ட்ஸ் மேல் இவர்களுக்கு என்னதான் குறை என்று வில்லர்டின் பின்னணிக் குரல் கேட்கும். நீண்ட பதிப்பில் காட்சி தொடர்கிறது. வில்லர்ட் கில்கோரின் சறுக்குப் பலகையைத் திருடிக்கொண்டு படகுக்கு ஓடுகிறான். கரையோர இலைகளுக்குள் படகை ஒளித்துவைத்து அவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, பலகையைத் திருப்பிக் கொடுக்கும்படி மன்றாடும் கில்கோரின் பதிவுசெய்யப்பட்ட குரலோடு ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வட்டமிடுகிறது. தனியாகப் பார்த்தால் நல்ல காட்சி. அந்த நால்வரோடு வில்லர்டும் ஒருவனாகச் சேரும் தருணம் அது. பின்னால் ஒவ்வொருவராகச் சாகும்போது அந்தச் சாவுக்குக் கனம் கூடுகிறது. ஆனால் முதல் பதிப்பின் வில்லர்ட் சிரிக்காதவன். தொடக்கத்தில் சைகோன் விடுதி அறையில் கண்ணாடியைக் குத்திக் கையைக் கிழித்துக்கொண்டு அழுகிறவன் (ஷீன் அன்று உண்மையிலேயே குடித்திருந்தார், வழிந்ததும் உண்மையான ரத்தம்), அதன்பின் உள்ளே இறுகிப்போனவன். சிரித்த வில்லர்டைப் பார்த்துவிட்டால், படகில் சுட்டுக் காயப்பட்டுக் கிடக்கும் வியட்நாமியப் பெண்ணை ஒரே குண்டில் கொல்லும் வில்லர்ட் சற்று வேறு ஆளாகத் தெரிகிறான். எனக்கு முதல் வில்லர்டே வேண்டும். ஆனால் இரண்டாமவனைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

படைவீரர்களை மகிழ்விக்க மேடையேறிய ‘பிளேபாய்’ இதழ்ப் பெண்கள் இரண்டாம் முறை வரும் காட்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எரிபொருள் தீர்ந்து, மழையும் சேறுமான ஒரு மருத்துவ முகாமில் அவர்களுடைய ஹெலிகாப்டர் நின்றுவிடுகிறது. வில்லர்ட் டீசலைக் கொடுத்துத் தன் ஆட்களுக்கு அந்தப் பெண்களுடன் நேரம் வாங்கித் தருகிறான். புயல் குறுக்கிட்டதால் பாதியில் நின்ற காட்சி இது, பாதியில் நின்ற காட்சியாகவே இருக்கிறது. போர் அந்தப் பெண்களையும் சரக்காக்கிவிட்டது என்று சொல்வதுதான் நோக்கம் என்பது புரிகிறது. ஆனால் முந்தைய மேடைக் காட்சியிலேயே, கூட்டம் மேடையேறிப் பாயும் வேகத்திலேயே, அது சொல்லப்பட்டுவிட்டது.

நீண்ட பதிப்பைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை உண்மையில் தீர்மானிப்பது பிரெஞ்சுத் தோட்டக் காட்சி. டோ லுங் பாலத்தைத் தாண்டி, அமெரிக்கக் கட்டுப்பாடு முடிந்துபோன பகுதியில், மூடுபனிக்குள்ளிருந்து சில உருவங்கள் துப்பாக்கியோடு எழுகின்றன. அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1954-இல் டியென் பியென் ஃபூவில் தோற்று பிரான்ஸ் இந்தோசீனாவை விட்டுப் போன பிறகும், தங்கள் தோட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம். அந்தி வெளிச்சம் பொன்னாக விழும் விருந்து மேசையில் வில்லர்டை உட்காரவைத்து, அவர்கள் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், தங்களுக்குள்ளேயே சண்டையிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் முட்டையை உடைத்து, வெள்ளை போய்விடும், மஞ்சள் நிற்கும் என்கிறார். குடும்பத் தலைவர், நாங்கள் எங்களுடையதைக் காக்கப் போராடுகிறோம், அமெரிக்கர்களாகிய நீங்கள் வரலாற்றிலேயே மிகப்பெரிய ஒன்றுமில்லாமைக்காகப் போராடுகிறீர்கள் என்ற பொருளில் வில்லர்டின் முகத்துக்கு நேரே சொல்கிறார்.

இந்தக் காட்சி நீளம் என்ற குறை நியாயமானது. அதுவரை படம் கண்ணாலும் காதாலும் சொல்லிவந்ததை இங்கே வாயால் சொல்லத் தொடங்குகிறது. குர்ட்ஸின் இடத்தை நெருங்க நெருங்க இறுகிவந்த கயிறு இங்கே தளர்கிறது. கொப்போலாவுக்கே இந்தப் படப்பிடிப்பு மனக்கசப்பைத் தந்தது. அரங்கத்துக்கும் பொருள்களுக்கும் ஆன செலவை எண்ணி அவர் கோபப்பட்டதும், காட்சியை முழுவதும் தூக்கியதும் தெரிந்த செய்தி. ஆனாலும் எனக்கு இது வேண்டும். ஆற்றின் மேல்நோக்கிய பயணம் காலத்தின் பின்னோக்கிய பயணமும்கூட என்பது இங்கேதான் துலங்குகிறது. கில்கோரின் கடற்கரை 1960-களின் அமெரிக்கா. சறுக்குப் பலகையும் ஒலிநாடாவும் கேளிக்கையும். அதைக் கடந்தால் 1950-களின் பிரான்ஸ். அதையும் கடந்தால் குர்ட்ஸின் கற்கோயிலும் பலியும். மூடுபனியிலிருந்து வரும் பிரெஞ்சுக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா, அது பேய் விருந்தா என்ற ஐயமே எனக்கு ஒவ்வொரு முறையும் வரும். முதல் பதிப்பில் வியட்நாம் போர் எங்கிருந்தோ முளைத்த ஒரு பைத்தியக்காரத்தனம். நீண்ட பதிப்பில் அதற்கு முன்னோர் இருக்கிறார்கள், அவர்கள் அதே ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதன்பின் வரும் விதவை ரோக்ஸான், அபின் புகையினூடே, உனக்குள் கொல்பவன் ஒருவன், அன்பு செலுத்துபவன் ஒருவன் என்று இருவர் இருக்கிறார்கள் என்று சொல்வதைத் தவிர்த்திருக்கலாம். ஷீனின் முகம் அதைப் படம் முழுவதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

எனினும் தோட்டக் காட்சிக்காக நான் வாதாடுவது இந்த வரலாற்றுக்காக மட்டும் அல்ல, அதன் தொடக்கத்தில் வரும் ஓர் அடக்கச் சடங்குக்காக. கிளீன் இறக்கும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். கடிதங்கள் வந்திருக்கின்றன, ஒவ்வொருவரும் தம்முடையதைப் படித்துக்கொண்டிருக்க, கிளீன் தன் தாய் அனுப்பிய ஒலிநாடாவைப் போட்டுக் கேட்கிறான். லான்ஸ் விளையாட்டாக ஏற்றிய வண்ணப் புகை படகைச் சூழ்ந்திருக்கிறது. கரையிலிருந்து குண்டுகள் வருகின்றன. சுட்டு ஓய்ந்தபின் பார்த்தால் பையன் இறந்து கிடக்கிறான். நாடா ஓடிக்கொண்டே இருக்கிறது, உருப்படியாக வீட்டுக்கு வந்து சேர் என்று அந்தத் தாய் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவனாக நடித்த லாரன்ஸ் ஃபிஷ்பர்னுக்குப் படப்பிடிப்பு தொடங்கியபோது வயது 14. அந்த முகத்தின் குழந்தைமை நடிப்பில் வந்ததல்ல.

முதல் பதிப்பில் இதன்பின் படம் நேரே மூடுபனிக்குள்ளும் அம்புத் தாக்குதலுக்குள்ளும் போய்விடும். கிளீனின் உடல் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை. முதல்முறை பார்க்கிறவர்கள் பலர் அதைக் கவனிப்பதே இல்லை, நானும் கவனித்ததில்லை. நீண்ட பதிப்பில் அந்தப் பிரெஞ்சுக்காரர்கள், தங்களுக்கு எந்த உறவும் இல்லாத அந்தக் கறுப்பினப் பையனை, போரில் விழுந்த வீரனுக்குரிய முழு மரியாதையோடு அடக்கம் செய்கிறார்கள். இதைப் பார்த்த பிறகு முதல் பதிப்புக்குத் திரும்பினால், அந்த உடல் சொல்லாமல் மறைவது ஒரு காயமாக உறுத்துகிறது. அது குறையா, அல்லது போர் மனிதர்களை விழுங்குவதைக் காட்டும் நிறையா என்று எனக்கு இன்னும் முடிவு கட்ட முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியையே எழுப்பியது நீண்ட பதிப்புதான்.

குர்ட்ஸைப் பகலில் காட்டும் காட்சியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மார்லன் பிராண்டோ எதிர்பார்த்ததைவிட மிகப் பருத்து வந்து சேர்ந்ததால், கொப்போலாவும் ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டோராரோவும் அவரை இருளில் வைத்துப் படமாக்கினார்கள். கட்டாயத்தில் பிறந்த அந்த உத்தி படத்தின் உச்சமாக அமைந்தது. மழித்த தலை இருளிலிருந்து மெல்ல நகர்ந்து வெளிச்சத்தின் ஓரத்துக்கு வருவதும், கையில் ஏந்திய தண்ணீரால் அவர் அதைத் தடவிக்கொள்வதும், பாதி முகம் தெரிவதும் மறைவதும். அந்த மனிதரைப் பற்றிய கோப்புகளை இரண்டு மணி நேரம் வில்லர்டோடு சேர்ந்து படித்துவிட்டு வந்த நமக்கு, அவர் முழுதாகத் தெரியாமல் இருப்பதே முறை. நீண்ட பதிப்பில், இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும் வில்லர்டுக்கு, சுற்றிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நல்ல வெயிலில், ‘டைம்’ இதழிலிருந்து போர் நன்றாகப் போகிறது என்னும் செய்திகளைக் குர்ட்ஸ் வாசித்துக் காட்டுகிறார். அரசு தன் மக்களிடம் சொன்ன பொய்களைக் குர்ட்ஸ் வாயிலாகவே அம்பலப்படுத்துவது அரசியலாக மிகச் சரி. ஆனால் வெயிலில் உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கும் ஒருவரைப் பார்த்து அஞ்ச முடியாது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 49 நிமிடம் கூடியும், வியட்நாமியர் ஒருவரின் பார்வை படத்துக்குள் வரவில்லை. பிரெஞ்சுக்காரர் பேசக் கிடைத்த இடம் அந்த மண்ணுக்குரியவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிராமத்துப் பள்ளி முற்றத்தின் அந்தச் சில விநாடிகளும், தொப்பிக்குள் கையெறிகுண்டை மறைத்துவந்து ஹெலிகாப்டருக்குள் வீசும் பெண்ணும், படகில் தன் நாய்க்குட்டியை நோக்கி ஓடியதற்காகச் சுடப்பட்ட பெண்ணும்தான் எந்தப் பதிப்பிலும் அவர்களுக்கான இடம். படத்தை மிக நேசிக்கிறவன் நான். நேசிப்பதாலேயே, திரும்பப் பார்க்கும்போது இது முன்பைவிடக் கூர்மையாகத் தெரிகிறது.

எந்தப் பதிப்பானாலும் ஒலியை விட்டுவிடாதீர்கள். மர்ச் இந்தப் படத்துக்காக அமைத்த ஒலி ஏற்பாடு, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடியோசைக்குத் தனியாக ஒன்று என்பது, இன்று வீட்டு ஒலிப்பெட்டிகளில் 5.1 என்று எழுதியிருப்பதன் முன்னோடி. திரை விழித்ததும் கேட்கும் ஹெலிகாப்டர் ஓசை சிந்தசைசரில் உருவாக்கியது. அது அறையைச் சுற்றி வந்து, விடுதிக் கூரையில் சுழலும் மின்விசிறியின் ஓசையாக மாறுகிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் சின்ன ஒலிபெருக்கியில் இது வெறும் இரைச்சல். நல்ல ஹெட்ஃபோன்களாவது வேண்டும். ரீடக்ஸ் வந்தபோது அதன் திரையரங்குப் பிரதிகளைப் பழைய டெக்னிகலர் சாயப்பதிவு முறையில் அச்சிட்டார்கள். அந்தக் கருமையும் ஆரஞ்சும் அடர்த்தியானவை. 2019 பதிப்பு மூல நெகட்டிவையே நேரடியாக வருடி 4கே தரத்தில் மீட்டெடுக்கப்பட்டதால், துல்லியத்தில் அதுவே முந்துகிறது.

கேட்டவர் முதல் பதிப்பைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதால், முதலில் அதையே மறுபடி ஒருமுறை பார்க்கட்டும். சில வாரம் கழித்து ரீடக்ஸைப் பார்க்கட்டும். இடைவெளி வேண்டும், இல்லையென்றால் படத்தைப் பார்க்காமல் வேறுபாடுகளை எண்ணிக்கொண்டிருப்போம். இரண்டுக்கும் நேரமில்லை, ஆனால் தோட்டத்தைக் காண ஆசை உண்டு என்றால் ஃபைனல் கட் பொருந்தும். அதில் சறுக்குப் பலகைத் திருட்டும் தோட்டமும் கிளீனின் அடக்கமும் இருக்கின்றன. மருத்துவ முகாமும் ‘டைம்’ வாசிப்பும் இல்லை. கொப்போலாவே நான் சொன்ன அதே இரண்டையும் எடுத்துவிட்டது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. இந்தப் படத்தை இதுவரை பார்க்காத ஒருவருக்கு மட்டும் 1979 பதிப்பைத் தவிர வேறெதையும் காட்டாதீர்கள்.

முடிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய 35 மி.மீ. பிரதி எதையாவது பார்த்தவர்கள், இறுதியில் குர்ட்ஸின் இருப்பிடம் குண்டுவீச்சில் எரிவதாக நினைவு வைத்திருப்பார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் அரங்கத்தைத் தகர்த்தபோது எடுத்த காட்சியைப் பெயர்ப்பட்டியலின் பின்னணியில் ஓடவிட்டிருந்தார்கள். வில்லர்ட்தான் விமானத் தாக்குதலை வரவழைத்தான் என்று மக்கள் எடுத்துக்கொண்டதால், கொப்போலா அதை நீக்கினார். நீண்ட பதிப்பில் நெருப்பு இல்லை. படகின் வானொலி அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வில்லர்ட் அதை அணைக்கிறான். மழை பெய்கிறது, படகு பின்வாங்குகிறது, கல்முகம் ஒன்று திரையில் படர்ந்து இருளில் கரைகிறது.